மாயா பஜார் இருந்த மனை

ஐயப்பன்தாங்கலில் ஷாப்பிங் மால் கிடையாது. இருப்பது ஒரு பஸ் டிப்போ. தாங்கல் என்றால் பாசனத்துக்குத் தேக்கி வைக்கும் சிறு நீர்நிலை. பழைய செங்கல்பட்டுச் சீமையில் இந்தப் பின்னொட்டோடு பல ஊர்கள் உண்டு. 2011இல் சென்னை மாநகராட்சி தன் எல்லையை விரித்துக்கொண்டபோதுகூடப் போரூரோடு நின்றுவிட்டது. நாங்கள் வெளியே நின்றோம். ஆகையால் எங்களுக்கு எது வேண்டுமென்றாலும் 26ஆம் எண் பஸ்ஸைப் பிடித்து ஆற்காடு சாலையில் கிழக்கே போக வேண்டும். எங்கள் மால் வடபழனியில் இருக்கிறது. 'எங்கள்' என்று நான் சொல்வதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே பக்கங்களில் நான் எழுதிய ஒன்றைத் திருத்திக்கொள்வதற்கும்.

2023 மே மாதம். நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்ட் என்ற பெயரில் யூனிட்டுகள் விற்பனைக்கு வருகின்றன, 100 ரூபாய் விலை, போடலாமா என்று கேட்டார். குமாஸ்தா இதற்கெல்லாம் யோசனை சொல்லக் கூடாது. ஆனால் படித்துப் பார்க்கக் கூடாது என்று விதி இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த வெளியீட்டு ஆவணத்தைப் புரட்டினேன். 14 நகரங்களில் உள்ள 17 மால்களை ஒரே டிரஸ்டின் கீழ்க் கட்டி, அவற்றின் வாடகை வருமானத்தை யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு. பகிர்ந்தளிக்கக்கூடிய பணத்தில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். இந்தியாவில் கடைகளின் வாடகையை மட்டும் நம்பிப் பங்குச் சந்தைக்கு வந்த முதல் டிரஸ்ட் இது. ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு கம்பெனியின் பெயரில் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் கண்ணை ஓட்டிக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். வடபழனி மாலை வைத்திருக்கும் கம்பெனியின் பெயர் விஜயா புரொடக்‌ஷன்ஸ் பிரைவேட் லிமிடெட்.

விஜயா புரொடக்‌ஷன்ஸ் என்றால் இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 'பாதாள பைரவி' எடுத்த பெயர். 'மிஸ்ஸியம்மா', 'மாயா பஜார்' எடுத்த பெயர். பராசக்தி வசனங்களை மனப்பாடம் செய்த தலைமுறையைக் கிண்டல் செய்கிறவர்கள்கூட ரங்காராவின் கடோத்கஜனை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அந்தப் பெயர் இன்று வாடகை வசூலிக்கிறது. எந்தக் கவிஞனும் இப்படி ஒரு படிமத்தைத் துணிந்து எழுதியிருக்க மாட்டான். எழுதினால் செயற்கை என்று நாமே அவனை அடித்திருப்போம்.

மால் என்ற பண்டத்துக்கு ஒரு பிறந்த தேதி உண்டு. 1956 அக்டோபர், அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம், மினியாபலிஸ் நகரத்தை ஒட்டிய ஈடைனா என்ற புறநகர். அங்கே திறக்கப்பட்ட சவுத்டேல்தான் முற்றிலும் மூடிய, குளிர்காலத்திலும் கோடையிலும் ஒரே தட்பவெப்பத்தில் வைக்கப்பட்ட முதல் பெரிய மால் என்று சொல்கிறார்கள். அதைக் கட்டியவர் விக்டர் க்ரூயன், 1903இல் வியன்னாவில் பிறந்த யூதர். இளமையில் அங்கே அரசியல் நையாண்டி நாடகங்களில் நடித்தவர். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது தப்பி அமெரிக்கா போனார். அந்த ஊர்ப் புறநகர்களில் மனிதர்கள் சந்தித்துக்கொள்ள இடமே இல்லை, கார் இருக்கிறது, வீடு இருக்கிறது, நடுவில் ஒன்றுமில்லை என்பது அவருடைய வருத்தம். தான் விட்டுவந்த வியன்னாவின் சதுக்கத்தைக் கூரை போட்டு உள்ளே வைத்துவிட வேண்டும் என்று நினைத்தார். சவுத்டேலின் நடுமுற்றத்தில் மரங்கள், சிற்பங்கள், ஒரு பெரிய பறவைக் கூண்டுகூட வைத்தார். சுற்றிலும் வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் வரும், புது ஊர் ஒன்று உருவாகும் என்பது திட்டம். வந்தது கார் நிறுத்துமிடம். பிற்காலத்தில் அவர் தன் பெயரை மால்களோடு சேர்த்துப் பேசுவதையே வெறுத்தார். மனம் கசந்து வியன்னாவுக்கே திரும்பிப் போனால், 1976இல் அந்த நகரத்தின் தெற்கு எல்லையிலும் ஒரு மால் திறந்துவிட்டார்கள். 1980இல் இறந்தார். இவரை நான் ஒரு நாவலின் பாத்திரமாகவே நினைத்துக்கொள்கிறேன். நாடு இழந்தவன் தன் ஊரின் நினைவை வைத்து ஒரு செட் போடுகிறான். செட் உலகம் முழுவதும் பரவி, கடைசியில் அவன் ஊரையே வந்து பிடித்துக்கொள்கிறது.

நான் 'செட்' என்று எழுதியது தற்செயலாக அல்ல. 1956 அக்டோபரில் சவுத்டேல் திறக்கப்பட்டபோது இங்கே வடபழனியில் 'மாயா பஜார்' தயாராகிக்கொண்டிருந்தது. தெலுங்குப் படம் 1957 மார்ச்சிலும் தமிழ்ப் படம் ஏப்ரலிலும் வெளிவந்தன. உலகின் முதல் மாலுக்கும் மாயா பஜாருக்கும் ஆறு மாதம் வித்தியாசம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லைதான். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது குமாஸ்தாப் பழக்கம்.

சென்னையின் கடைத்தெரு வரலாற்றில் நெருப்புக்குத் தனி அத்தியாயம் உண்டு. ஸ்பென்சர் 1863இல் தொடங்கிய கடை. மவுண்ட் ரோட்டில் போக்ஸன் வடிவமைத்த இந்தோ-சாரசனிக் கட்டிடத்துக்கு 1895இல் வந்தது. வெள்ளைக்காரனுக்கு வேண்டிய சகலமும் ஒரே கூரையின் கீழ். உள்ளே நுழையத் தைரியம் வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நுழைவதை யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை என்பதுதான் விஷயம். 1983இல் எரிந்தது. அந்த இடத்தில் 1990களின் தொடக்கத்தில் ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. இந்த ஊருக்கு மால் என்ற அனுபவம் அங்கே ஆரம்பித்தது. மூர் மார்க்கெட் 1898இல் அடிக்கல் நாட்டி 1900இல் திறக்கப்பட்டது. 1985 மே 30ஆம் தேதி எரிந்தது. அந்த நிலம் ரயில்வேயின் புறநகர் முனையமாயிற்று. புத்தகக் கடைக்காரர்கள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். நமக்கு முந்தைய தலைமுறை எழுத்தாளர்களில் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் பொறுக்காதவர்கள் யார்? தமிழ் நவீனத்துவத்தின் உலக இலக்கியப் பாடத்திட்டத்தை வகுத்தது பல்கலைக்கழகமா, அந்த நடைபாதைக் குவியலா என்று ஆராய்ந்தால் பல பெரிய பெயர்கள் சங்கடப்படும். நான் பிறக்கும் முன்பே அது சாம்பல். பார்க்காத இடத்தைப் பற்றிய ஏக்கம் எனக்கு எழுத்தாளர்களின் பேச்சிலிருந்து ஒட்டிக்கொண்டது. இரவல் ஏக்கம். அதை நான் இப்போதெல்லாம் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம்: 2006இல் மயிலாப்பூரில் சிட்டி சென்டர், 2009இல் அமைந்தகரையில் ஸ்கைவாக், 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013இல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ். இவற்றில் எக்ஸ்பிரஸ் அவென்யூவை மட்டும் கவனிக்க வேண்டும். அது இருப்பது பழைய மெட்ராஸ் கிளப்பின் இடம். பிறகு கோயங்காவின் எக்ஸ்பிரஸ் எஸ்டேட். முதலில் துரைமார்களின் கேளிக்கை, பிறகு பத்திரிகை, பிறகு மால். அதாவது மால் காலி நிலத்தில் முளைப்பதில்லை. ஒரு நிறுவனம் தன் காலத்தை வாழ்ந்து முடித்து, அதன் நிலம் அதன் தொழிலைவிட மதிப்புக் கூடியதாக ஆகும் தருணத்தில் அங்கே வந்து உட்காருகிறது. வங்கியில் அடமானப் பத்திரங்களோடு புழங்குகிறவனுக்கு இந்தத் தருணம் பரிச்சயமானது. ஆலை நடத்துகிறவரின் கண்ணில் ஒரு நாள் ஆலை மறைந்து மனை தெரிய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு அவரால் பழையபடி பார்க்க முடியாது.

வடபழனியில் அது எப்படி நடந்தது?

வடபழனி முருகன் கோயில் 1890 வாக்கில் அண்ணாசாமி நாயகர் போட்ட ஓலைக் கொட்டகையில் தொடங்கியது. தென்னாட்டுப் பழனிக்கு அடிக்கடி போக முடியாத ஒருவர் அதை இங்கேயே வரவழைத்துக்கொண்டார். க்ரூயன் வியன்னாவை வரவழைத்த மாதிரி என்று சொன்னால் பக்தர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் இந்த ஊரின் பெயரிலேயே ஒரு பிரதி இருக்கிறது என்பதை யார் மறுக்க முடியும்? பி.என். ரெட்டியும் மூலா நாராயணசாமியும் 1940களில் இங்கே வாஹினி ஸ்டூடியோவை அமைத்தார்கள். ரெட்டியின் தம்பி பி. நாகிரெட்டி அச்சுக்கூடம் வைத்திருந்தவர். அவரும் சக்ரபாணியும் சேர்ந்து 1947 ஜூலையில் தெலுங்கில் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் தொடங்கினார்கள். பிறகு விஜயா புரொடக்‌ஷன்ஸ். 1950இல் முதல் படம் 'ஷாவுகாரு'. வாஹினியையும் நாகிரெட்டி எடுத்துக்கொண்டு விஜயா-வாஹினி ஆக்கினார். ஆசியாவிலேயே பெரிய ஸ்டூடியோ என்று அதற்குப் பெயர் இருந்தது.

அம்புலிமாமாவும் சினிமாவும் ஒரே சாலையில், ஒரே மனிதர்களின் கையில் இருந்தன என்பதை நம் விமர்சகர்கள் போதிய அளவு யோசிக்கவில்லை. தோளில் வேதாளத்தைச் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை மாதாமாதம் வரைந்த சங்கர் 2020இல் தன் 96ஆம் வயதில் காலமானார். எனக்கு வாசிப்பு அந்தப் பக்கத்தில் ஆரம்பித்தது. இங்கே எழுதுகிற பலருக்கும் அங்கேதான் ஆரம்பித்திருக்கும், ஆனால் பேட்டி என்று வந்தால் எல்லோரும் தஸ்தயேவ்ஸ்கி என்கிறார்கள்.

'மாயா பஜார்' கதை மகாபாரதத்தில் இல்லாதது. நாடக மேடைகளில் வளர்ந்த கதை. அபிமன்யுவுக்கு நிச்சயித்த வத்சலாவை துரியோதனன் மகனுக்குக் கொடுக்க பலராமர் சம்மதித்துவிட, கிருஷ்ணனின் யோசனைப்படி கடோத்கஜன் பெண்ணை மாற்றிவிடுகிறான். மாப்பிள்ளை வீட்டார் வந்து தங்க அவனுடைய பரிவாரம் மாயையால் ஒரு நகரத்தையே எழுப்புகிறது. அதுதான் மாயா பஜார். மாளிகைகள், கடைகள், தானே சுருண்டுகொள்ளும் கம்பளம், ஏறிப் படுத்தவனைத் தூக்கி எறியும் கட்டில். வந்தவர்கள் வாய் பிளந்து நிற்கிறார்கள். தமிழில் மால் என்றாலும் மயக்கம் என்றுதான் பொருள். மால் என்றால் கிருஷ்ணனும்கூட. சிலேடை இந்தப் பத்திரிகையின் பாணி அல்ல, ஒரு முறை மன்னிக்கவும்.

இந்த மாய நகரத்தை நிஜத்தில் எழுப்பியவர்கள் கலை இயக்குநர்கள் கோகலேயும் கலாதரும், அவர்களோடு தச்சர்கள், பெயின்டர்கள், லைட்மேன்கள், மோல்டர்கள். திரையில் தெரியும் துவாரகை சுமார் 50 அடிக்கு 60 அடி இடத்தில் வைக்கப்பட்ட, ஏறக்குறைய 300 சிறு வீடுகள் கொண்ட மாதிரி. ஒவ்வொன்றுக்குள்ளும் விளக்கு. மார்கஸ் பார்ட்லி ஸ்டூடியோவுக்குள்ளேயே நிலவொளியை உண்டாக்கினார். அந்த நிலவைப் பற்றித் தெலுங்கர்கள் இன்னும் பேசுகிறார்கள். ஏழு சென்ட் மனைக்குள் அடங்கிவிடும் இடத்தில் ஒரு தலைநகரம்.

இனி என் விஷயம். என் அப்பா ஆசாரி. 1972இலிருந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வடபழனி, சாலிகிராமம் ஸ்டூடியோக்களில் தினக்கூலிக்கு செட் வேலை செய்தவர். எந்த ஸ்டூடியோவுக்கும் அவர் நிரந்தர ஆள் அல்ல; மேஸ்திரி எங்கே கூப்பிட்டாரோ அங்கே. ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, மேலே கோணி அல்லது பிளைவுட், அதன் மேல் தேங்காய் நார் கலந்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பதினைந்து இருபது நாளில் ஒரு தர்பார் மண்டபம். ஷூட்டிங் முடிந்த மறுநாள் பிரித்துவிடுவார்கள். பிரித்த ஆணிகளைச் சுத்தியலால் நிமிர்த்துவதற்கென்றே ஒரு பையன் இருப்பான். அப்பா தொழிலுக்கு வந்ததே ஆணி நிமிர்த்தும் பையனாகத்தான். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர், துவாரகையில் நாலு வீடு தன் கையால் செய்தது என்று சொல்லிக்கொண்டிருப்பாராம். எந்த நாலு வீடு என்று படம் வரும்போதெல்லாம் காட்டுவாராம், ஒவ்வொரு தடவையும் வேறு நாலு வீடு.

இந்த வீட்டில் வளர்ந்த நான் ஆங்கில இலக்கியம் படித்தேன். படித்து முடித்ததும் முதலில் கற்றுக்கொண்டது செட்டை வெறுப்பது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இங்கே எழுதிய கட்டுரைக்கு 'அட்டைக் கோட்டைகள்' என்று தலைப்பு. தமிழ் சினிமா பொய்யான அட்டைச் சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடந்ததென்றும், 1977இல் '16 வயதினிலே' அந்தச் சுவர்களை உடைத்துக் காமிராவை வெயிலுக்குக் கொண்டுவந்ததென்றும், 1979இல் 'உதிரிப் பூக்கள்' அந்த வெயிலைக் கலையாக்கியதென்றும் அதில் வாதித்திருந்தேன். வாதம் தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் சுவர் உடைந்தது என்று நான் எழுதிய இடத்தில் சுவரைச் செய்கிறவர்களும் இருந்தார்கள். காமிரா கிராமத்துக்குப் போனபின் மாதத்தில் பத்து நாள் வேலை ஆறு நாளாயிற்று. தெலுங்குப் படங்கள் மெல்ல ஹைதராபாத்துக்குப் போயின. கன்னடமும் மலையாளமும் தத்தம் ஊருக்குப் போய்விட்டிருந்தன. 1996இல் ராமோஜி பிலிம் சிட்டி வந்தது. நாலு மொழிக்கு அரண்மனை கட்டிக்கொண்டிருந்த தெருவில் தளங்கள் காலியாயின. யதார்த்தம் என்று நாம் கொண்டாடிய ஒன்றுக்கு எங்கள் வீட்டில் பெயர் 'வேலை இல்லை'. இதை எழுதும்போது எனக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. அப்பா அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

நாகிரெட்டி காலத்தை முன்கூட்டியே படித்தவர் என்று சொல்ல வேண்டும். 1972இலேயே அந்த நிலத்தில் விஜயா மருத்துவமனையைத் தொடங்கினார். சக்ரபாணி 1975இல் இறந்தார். நாகிரெட்டிக்கு 1986ஆம் வருஷத்துக்கான தாதா சாகேப் பால்கே விருது கொடுத்தார்கள். விருது வரும் நேரத்தில் ஸ்டூடியோவின் மத்தியானம் கடந்துவிட்டது. 2004 பிப்ரவரியில் அவர் காலமானார். ஸ்டூடியோ நிலம் கொஞ்சம் கொஞ்சமாக மருத்துவமனை, கல்யாண மண்டபம், ஓட்டல் என்று வேறு உருவங்கள் எடுத்தது. பிறகு பெங்களூரின் பிரெஸ்டீஜ் குழுமத்தோடு சேர்ந்து 2013இல் ஃபோரம் விஜயா மால். 'அம்புலிமாமா' வகையறா முழுவதும் நின்றுபோனதும் 2013 வாக்கில்தான். 2020-21இல் பிரெஸ்டீஜ் தன் மால்களை அமெரிக்காவின் பிளாக்ஸ்டோனுக்கு விற்றபோது 'ஃபோரம்' போய் 'நெக்ஸஸ்' வந்தது. 'விஜயா' மட்டும் தங்கிவிட்டது. எங்கள் ஐயப்பன்தாங்கலில் உயரமாக நிற்கும் அடுக்குமாடி வீடுகளும் அதே பிரெஸ்டீஜ் கட்டியவை. செட் வேலை நின்றபின் அப்பா பிழைத்தது எங்கள் பக்கம் எழும்பிய இம்மாதிரிப் பல அடுக்குமாடிகளுக்குக் கதவும் அலமாரியும் செய்துதான்.

ஆவணத்தில் அந்தப் பெயரைப் பார்த்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அதற்கு முன் உள்ளே போனதில்லை. ஆற்காடு சாலை முழுவதும் மெட்ரோ வேலை. இரண்டடுக்காகப் போகும் பாலத்தின் தூண்களுக்கு நடுவில் பஸ் ஊர்ந்தது. அப்பா தூண்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். வாசலில் பையைச் சோதிக்கும் இடத்தில் கையை உயர்த்தி நின்றார். சிலப்பதிகாரத்தில் புகாரின் நாளங்காடிக்கு ஒரு காவற்பூதம் உண்டு. அதற்குப் பலி கொடுத்துவிட்டு உள்ளே போவார்கள். இங்கே தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

தளங்கள் எங்கே இருந்தன என்று அவர் சொல்வார், நான் குறித்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். நோட்டுப் புத்தகம்கூட வைத்திருந்தேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "திசையே தெரிலடா. வெயிலு எங்கருந்து வருதுன்னே தெரில" என்றார். திசை தெரியாமல் வைப்பதுதான் மாலின் முதல் இலக்கணம் என்று புத்தகங்களில் இருக்கிறது. கடிகாரம் இல்லை, ஜன்னல் இல்லை. ஆனால் ஸ்டூடியோ தளத்திலும் இவை இல்லை அல்லவா என்று கேட்டேன். யோசித்து, "அங்க கதவைத் தொறந்தா வேப்பமரம் தெரியும்" என்றார்.

அப்புறம் அவர் தட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு தூணையும், ஒவ்வொரு சுவரையும் விரல் முட்டியால் இரண்டு தட்டு. பளிங்கு போலத் தெரிந்த ஒன்றில் நின்று, "உள்ள ஒண்ணுமில்ல. போர்டுதான். ஜாயின்ட் எங்கன்னு பாரு... கண்டுபிடிக்க முடியாது. நல்ல வேல" என்றார். மேலே பொய்க் கூரையின் வளைவைக் காட்டி, இதே வளைவை மரத்தில் எடுக்கத் தாங்கள் எப்படிக் கட்டையை ஊறவைத்தார்கள் என்று சொன்னார். எஸ்கலேட்டரில் ஏற மறுத்துவிட்டார். படியைத் தேடிக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. படிக்கட்டுப் பக்கம் அலங்காரம் கிடையாது. வெறும் சிமெண்ட், குழாய்கள், தீயணைப்புப் பெட்டி. செட்டின் பின்புறம் அப்படியேதான் இருக்கும், தட்டியைத் தாங்கும் முட்டுக் கொம்புகளும் பெயின்ட் டப்பாக்களும். அங்கே வந்ததும் அவர் முகம் தெளிந்தது.

நண்பர்களில் மார்க்ஸியம் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் பெஞ்சமினின் பாரிஸ் வணிகக் கூடங்களை எதிர்பார்ப்பார்கள். அந்த மனிதர் பதின்மூன்று வருஷம் குறிப்பெடுத்து, முடிக்காமலே 1940இல் செத்துப்போனார். பண்டத்தின் கனவு பற்றி அவர் கண்டது பெரிது, நான் மறுக்கவில்லை. ஆனால் கனவு காண்கிறவனையே நாம் எப்போதும் பேசுகிறோம். கனவுக்குச் சட்டம் அடிக்கிறவன் ஒருவன் இருக்கிறான், அவன் அதைக் கனவாகப் பார்ப்பதில்லை. அவனுக்கு அது அளவு, கோணம், காயும் நேரம். 'அட்டைக் கோட்டைகள்' எழுதும்போது எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது இதுதான். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்கு.

அதற்காக ஸ்டூடியோவைப் பொற்காலமாக்கவும் நான் தயாராக இல்லை. அந்த கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்ற கூட்டத்தை உள்ளே யாரும் விட்டதில்லை. பஸ் ஏறி வந்து, ஒரு கார் நுழையும் இரண்டு நொடியில் எந்த நட்சத்திரம் என்று ஊகித்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் எத்தனை ஆயிரம். அப்பாவுக்கே அடையாளச் சீட்டு இல்லாமல் நுழைவு கிடையாது. மால் எல்லோரையும் விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே பாதிப் பேர் ஒன்றும் வாங்குவதில்லை. எங்கள் தெருக்காரர்கள் நாலைந்து பேரைப் பார்த்தேன், ஏசிக்காக வந்தவர்கள். குழந்தைகள் பளபளப்புத் தரையில் சறுக்கின. மகள் வயதுப் பெண் ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்து எஸ்கலேட்டரில் கால் வைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். க்ரூயன் விரும்பிய சதுக்கம் இதுவல்ல. ஆனால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சாயந்திரம் போய் உட்கார வேறு எந்த சதுக்கத்தை யார் கட்டிக்கொடுத்தார்கள்? எங்கள் ஊரில் பஸ் டிப்போவை விட்டால் உட்கார இடமில்லை.

இரண்டாம் மாடியில் ஒரு கடை முன்னால் முழுக்கப் பலகை அடைத்து, விரைவில் வருகிறது என்று ஏதோ ஒரு பிராண்டின் படம் ஒட்டியிருந்தது. பழைய கடை போய்ப் புதியது வருகிறது. உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம். அப்பா நேராக அங்கே போனார். பலகைக்கும் தூணுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அதில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் செக்யூரிட்டி வந்துவிடுவானோ என்று திரும்பிப் பார்த்தபடி இருந்தேன். உள்ளே மூன்று பையன்கள், வடக்கத்திக்காரர்கள். ஒருவன் சட்டம் அடித்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு இந்தி தெரியாது. இடைவெளி வழியாகக் கையை நீட்டி, கட்டையின் மூலையைக் காட்டி, விரலால் சாய்வாக ஒரு கோடு போட்டார். அந்தப் பையன் பார்த்தான். கட்டையைத் திருப்பி வைத்து ஆணியைச் சாய்வாக இறக்கினான். பிறகு சிரித்தான். "கித்னே தின்னு கேளு" என்றார் அப்பா என்னிடம். அந்த இரண்டு வார்த்தை எங்கே கற்றாரோ. கேட்டேன். பதினைந்து நாளாம்.

"கடைக்குப் பதினஞ்சு நாளா?" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது டிப்போ பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வளசரவாக்கம் தாண்டும்போது, அந்தப் புத்தகத்தில் நம்ம ஸ்டூடியோ பேரு போட்டிருக்கு என்றாயே, அதை ஒரு காப்பி எடுத்துக் கொடு என்றார். மறுநாள் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிளையில் ஜெராக்ஸ் எடுத்தேன். ஆங்கிலத்தில் இருக்கிறது, அவரால் படிக்க முடியாது. விஜயா புரொடக்‌ஷன்ஸ் என்ற வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். அளவு எழுதும் நோட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார்.

ஆசிரியர் யூனிட்டுகளுக்கு விண்ணப்பித்தாரா என்று நான் விசாரிக்கவில்லை.